மியூசியத்துக்குக் குடும்பத்தோடு: உள்ளூர் அருங்காட்சியக நிகழ்ச்சிகள் பற்றி ஓர் அறிமுகம்

சென்னையின் பழைய ஆட்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தை 'செத்த காலேஜ்' என்று சொல்வார்கள். 1851-ல் அந்த அருங்காட்சியகம் தொடங்கியது நுங்கம்பாக்கத்தில் ஒரு காலேஜ் கட்டடத்தில். அதனால் காலேஜ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. முதல் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பால்ஃபர், உயிருள்ள மிருகங்களைக் காட்டினால் கூட்டம் தேடி வரும் என்று கண்டுகொண்டு, எழும்பூருக்கு மாறிய பிறகு அந்த வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சிசாலையைத் தொடங்கினார். பிற்பாடு அது பிரிந்து பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. மிருகங்கள் இருந்த இடத்தை ஜனங்கள் 'உயிர் காலேஜ்' என்றார்கள். பாடம் செய்த உடல்களும் கற்சிலைகளும் இருந்த இடம் 'செத்த காலேஜ்' ஆனது.

எந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தாலும் எனக்கு இந்தப் பெயர் நினைவுக்கு வரும். கண்ணாடிப் பெட்டி, மங்கலான விளக்கு, 'தொடாதே' என்ற பலகை, வரிசையில் நடத்திக் கூட்டிப்போகும் பள்ளிப் பிள்ளைகள். பார்த்துவிட்டு வெளியே வந்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் மறந்துபோகிறது. ஆனால் அதே எழும்பூரில், எட்கர் தர்ஸ்டன் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில், கோஷா வழக்கத்தில் இருந்த பெண்கள் ஆண்கள் கண்ணில் படாமல் வந்து பார்க்க மாதத்தில் ஒரு நாளைத் தனியாக ஒதுக்கியிருந்தார்கள். காணும் பொங்கலன்று கட்டுச்சோற்றோடு குடும்பம் குடும்பமாக அங்கே போவதை ஜனங்கள் தாங்களாகவே வழக்கமாக்கிக்கொண்டார்கள். ஒன்றில் அருங்காட்சியகம் மக்களை நோக்கி ஓர் அடி வந்தது. மற்றதில் மக்கள் அதை நோக்கிப் போனார்கள். இன்று உலகெங்கும் அருங்காட்சியகங்கள் நடத்தும் குடும்ப நிகழ்ச்சி, சமூக நிகழ்ச்சி என்ற இரண்டையும் புரிந்துகொள்ள இந்தப் பழைய வழக்கங்கள் போதும். அவற்றைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்லப் பார்க்கிறேன். உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகங்களுக்கு இவை ஏன் உயிர்நாடி என்பதையும் சேர்த்து.

உள்ளூர் வரலாறு என்றால்

பெரிய அருங்காட்சியகம் ஒரு பொருளை அதன் அருமைக்காக வைத்திருக்கிறது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனியைப் பார்க்க ஊர் பேர் தெரியாத ஒருவர் வந்தாலும் அந்த அழகு அவரிடம் பேசிவிடும். உள்ளூர் அருங்காட்சியகத்தில் இருப்பவை அப்படிப்பட்டவை அல்ல. மரக்கால், கவலை இறைத்த சால், தறி ஓடம், மூடிப்போன மில்லின் அடையாள அட்டை, தேர்த் திருவிழா நோட்டீஸ், கல்யாண வீட்டு மொய் நோட்டு. நேற்றுவரை யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்த பொருட்கள். அவற்றைப் பயன்படுத்திய கை எப்படி அசைந்தது, வாய் என்ன சொன்னது என்று தெரிந்தால்தான் அவற்றுக்கு மதிப்பு. அது தெரிந்தவர்கள் அந்த ஊரிலேயே, அடுத்த தெருவிலேயே இருக்கிறார்கள்.

இதை நான் கண்ணால் பார்த்தது டெல்டா பக்கத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மரக்கால். விளக்க அட்டையில் 'மரக்கால். மரம், இரும்புப் பூண். தானியம் அளக்கும் கருவி' என்று மூன்றே துண்டு. எனக்கு முன்னால் ஒரு மூதாட்டியும் ஏழெட்டு வயதுப் பேரனும் நின்றிருந்தார்கள். "அப்பாயி, இது என்ன பக்கெட்டா?" என்றான் பையன். அவர் சிரித்துவிட்டு, கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, இல்லாத மரக்காலை இரண்டு கையாலும் பிடித்து, இல்லாத நெல்லில் முக்கி எடுத்து, விளிம்பை உள்ளங்கையால் வழித்துவிட்டு, "லாபம்" என்றார். அடுத்ததற்கு "ரெண்டு". அடுத்து "மூணு".

"ஒண்ணு எங்க அப்பாயி?"

"நெல்லு அளக்குறப்ப ஒண்ணுன்னு சொல்லக் கூடாது கண்ணு. லாபம்னுதான் ஆரம்பிக்கணும்."

அந்த அறையில் இருந்த எல்லா அட்டைகளையும்விட அந்த ஒரு நிமிடத்தில் நான் அதிகம் கற்றேன். ஆனால் அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. இந்தியாவில் எடை அளவுச் சட்டம் 1956-ல் வந்தது. 1960-களின் தொடக்கத்துக்குள் கிலோவும் லிட்டரும் கட்டாயமாகிவிட்டன. களத்துமேட்டில் மரக்கால் அதற்குப் பிறகும் சில காலம் புழங்கியது உண்மைதான். ஆனாலும் வளர்ந்த ஆளாக அதைக் கையில் பிடித்து அளந்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. நமக்கு இருக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

குடும்ப நிகழ்ச்சி என்பது என்ன?

பள்ளிக்கூடச் சுற்றுலாவையும் குடும்ப நிகழ்ச்சியையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஒரே வயதினர், ஒருவர் சொல்ல நாற்பது பேர் கேட்பார்கள். குடும்பம் என்று வரும்போது மூன்று வயதுக் குழந்தையும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே மேசை முன்னால் நிற்கிறார்கள். இருவருக்கும் அங்கே வேலை இருக்க வேண்டும். நல்ல குடும்ப நிகழ்ச்சியில் அருங்காட்சியக ஊழியர் குறைவாகப் பேசுவார். பேச்சு வந்தவர்களுக்குள்ளேயே நடக்கும்.

அதற்கான வழிகள் எளிமையானவை. மிகவும் பரவலானது தேடல் தாள். வாசலில் பிள்ளைகள் கையில் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, "மூன்றாம் அறையில் கைப்பிடி உடைந்த ஒரு பொருள் இருக்கிறது, கண்டுபிடி" என்று அனுப்புவது. பிள்ளை ஓடும், பெரியவர்கள் பின்னால் வருவார்கள். அந்தத் தாளில் கேட்கும் கேள்விதான் முக்கியம். "இது எந்த ஆண்டைச் சேர்ந்தது?" என்றால் பதிலை அட்டையிலிருந்து பார்த்து எழுதிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவான். "உன் தாத்தா வீட்டில் இது இருந்ததா? எங்கே வைத்திருந்தார்கள்? அவரிடம் கேள்" என்று எழுதியிருந்தால் தாத்தா பேச ஆரம்பிப்பார்.

அடுத்தது தொட்டுப் பார்க்கும் மேசை. அருங்காட்சியகத்தில் 'தொடாதே' என்பதற்குக் காரணம் உண்டு. கை வியர்வையில் இருக்கும் உப்பும் எண்ணெய்ப் பசையும் செம்பையும் வெண்கலத்தையும் மெல்ல அரிக்கும், பழைய தாளைக் கறையாக்கும். அதனால் பல அருங்காட்சியகங்கள் தொடுவதற்கென்றே ஒரு தனித் தொகுப்பு வைத்திருக்கின்றன. ஒரே மாதிரி இரண்டு மூன்று கிடைத்தவை, புதிதாகச் செய்த மாதிரிகள், 'பிள்ளைகள் தொட்டாலும் பரவாயில்லை' என்று சொல்லியே ஊர்க்காரர்கள் கொடுத்தவை. இவை பதிவேட்டில் ஏறிய பொருட்களோடு கலப்பதில்லை.

நான் ஒரு மேசை போடுவதானால் அளவைகளைத்தான் வைப்பேன். ஆழாக்கு, உழக்கு, உரி, படி, பக்கத்தில் ஒரு கூடை நிறைய நெல். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஒரு பிள்ளை ஆழாக்கால் எட்டு முறை மொண்டு படியை நிரப்பினால் இரட்டிப்புக் கணக்கு கைக்குள் போய்விடும். பாதியில் பாதி, அதில் பாதி என்று பின்ன வகுப்பில் திணறும் பிள்ளைக்கு இந்த மேசை பெரிய உதவி. கூட நிற்கும் பாட்டிக்கு, தான் சொல்லித்தரும் இடத்தில் இருக்கிறோம் என்ற நிமிர்வு வரும். அந்த நிமிர்வைப் பார்ப்பதற்காகவே இப்படி ஒரு மேசை எல்லா ஊரிலும் வேண்டும் என்று எனக்கு ஆசை.

நம் பிள்ளைகளுக்கு நேரடியாகப் பிடிபடும் இன்னொரு பொருள் கீழடியில் இருக்கிறது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில் தங்க நகைகளையும் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும் பார்க்கக் கூட்டம் நிற்கும். நூற்றுக்கணக்கில் கிடைத்த வட்டச் சில்லுகளைச் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடுவோம். உடைந்த பானையின் ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்தவை அவை. பாண்டி ஆடியிருக்கும் எந்தப் பிள்ளையிடமும் அதைக் காட்டி "இது எதுக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். ஆராய்ச்சி அறிக்கை எதுவும் படிக்காமலே பதில் வரும். தரையில் சுண்ணக்கட்டியால் பாண்டிக் கட்டம் போட்டு, ஓட்டுச் சில்லைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து தேய்த்து, ஆடிவிட்டு, பிறகு உள்ளே கூட்டிப்போய்ப் பெட்டியைக் காட்டினால் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் அந்தப் பிள்ளைக்குத் தூரமாகத் தெரியாது.

நடித்துக் காட்டும் நிகழ்ச்சிகளும் உண்டு. நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் தெரு 97-ஆம் எண் கட்டடம் 1863-ல் கட்டப்பட்ட ஒரு வாடகைக் குடியிருப்பு. 1935 வரை, பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏறக்குறைய 7,000 பேர் அதில் மாறி மாறிக் குடியிருந்தார்கள். இன்று அது டெனிமென்ட் அருங்காட்சியகம். அங்கே குடும்பங்களுக்கென்று பல காலம் நடந்த நிகழ்ச்சி ஒன்றில், வருகிறவர்கள் அப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கியவர்களாக நடிக்க வேண்டும். 1916-ல் அந்த வீட்டில் இருந்த விக்டோரியா கான்ஃபினோ என்ற 14 வயதுப் பெண்ணாக ஒருவர் உடை உடுத்தி உட்கார்ந்திருப்பார். தண்ணீர் எங்கே பிடிப்பீர்கள், வாடகை எவ்வளவு, எத்தனை பேர் எங்கே படுப்பீர்கள் என்று பிள்ளைகள் அவரிடமே கேட்கலாம். எல்லாப் பிள்ளைக்கும் கேட்கத் தெரிந்த கேள்விகள்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வண்ணம் தீட்டும் போட்டி, மாறுவேடப் போட்டி, பலூன் என்று அருங்காட்சியக முற்றத்தில் நடப்பதெல்லாம் குடும்ப நிகழ்ச்சி ஆகிவிடாது. அதே நிகழ்ச்சியை ஒரு கல்யாண மண்டபத்தில் நடத்தினாலும் எதுவும் மாறாது என்றால், உள்ளே இருக்கும் பொருட்களை நாம் பயன்படுத்தவே இல்லை என்று பொருள். கூட்டம் வந்த கணக்கு மட்டும் மிஞ்சும்.

ஊரார் நிகழ்ச்சி

ஆங்கிலத்திலிருந்து நேராக மாற்றினால் 'சமூக நிகழ்ச்சி' என்று வரும். நம் ஊரில் 'சமூகம்' என்றால் உடனே சாதிச் சங்கம் ஞாபகம் வந்துவிடுகிறது. அதனால் நான் 'ஊரார் நிகழ்ச்சி' என்றே சொல்கிறேன். குடும்ப நிகழ்ச்சியில் அருங்காட்சியகம் தன்னிடம் இருப்பதைக் காட்டுகிறது. ஊரார் நிகழ்ச்சியில் தன்னிடம் இல்லாததை ஊரிடம் கேட்கிறது. எதைச் சேகரிப்பது, எதைக் காட்சிக்கு வைப்பது என்பதிலேயே ஊருக்குப் பங்கு தருகிறது.

இதற்கு நான் அறிந்தவரையில் மனதை மிகவும் தொடும் எடுத்துக்காட்டு தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் இருக்கிறது. நகரத்தின் நடுவே ஆறாம் வட்டம் என்று ஒரு பகுதி. பல இன மக்கள் நெருக்கி அடித்துக் கலந்து வாழ்ந்த இடம். 1966 பிப்ரவரி 11 அன்று நிறவெறி அரசு அதை வெள்ளையர் மட்டும் வாழும் பகுதி என்று அறிவித்தது. அடுத்த பதினைந்து ஆண்டு வாக்கில் 60,000-க்கும் மேற்பட்டவர்களை நகருக்கு வெளியே மணல்காட்டுக்கு விரட்டி, வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். வழிபாட்டு இடங்கள் சிலவற்றை மட்டும் விட்டுவைத்தார்கள்.

1994 டிசம்பரில், அந்தப் பகுதியின் ஒரு பழைய தேவாலயத்தில் ஆறாம் வட்ட அருங்காட்சியகம் திறந்தது. சில வாரங்களுக்கு மட்டும் என்று திட்டமிட்ட முதல் கண்காட்சி அது. வந்தவர்கள் விடாததால் நிலைத்துவிட்டது. இடிப்பு வேலையில் இருந்த ஒருவர், கடலில் கொட்டச் சொன்ன தெருப்பெயர்ப் பலகைகளைக் கொட்டாமல் தன்னிடமே பத்திரமாக வைத்திருந்தார். அவை திரும்பி வந்து உயரத்திலிருந்து தொங்கின. கீழே தரை முழுக்க, இடிக்கப்பட்ட தெருக்களின் பெரிய வரைபடம். அங்கே குடியிருந்தவர்கள் மண்டியிட்டு, தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடிப் பிடித்து, பேனாவால் பெயர் எழுதினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் ஏற்கெனவே அங்கே இருந்தால், பல வருடம் கழித்து அவர் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி அந்த எழுத்திலேயே கிடைத்தது. இன்னொரு பக்கம் நீளமான ஒரு வெள்ளைத் துணி. வந்தவர்கள் அதில் பெயரும் நினைவும் எழுத, பிறகு அந்த எழுத்தின் மேலேயே நூலால் தைத்து நிலைக்கச் செய்தார்கள். நிலத்தைத் திரும்பப் பெறுவதற்கான கூட்டங்களும் அந்தக் கட்டடத்திலேயே நடந்தன. விலை உயர்ந்த ஒரு பொருள்கூட இல்லாமல் தொடங்கிய இடம் அது.

இன்னொன்று வாஷிங்டனில். 1967 செப்டம்பரில், அங்கே பெரிய அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனம், கறுப்பின மக்கள் அதிகம் வாழும் அனகோஸ்டியா பகுதியில் மூடிக் கிடந்த ஒரு சினிமாக் கொட்டகையில் ஒரு சிறு அருங்காட்சியகம் தொடங்கியது. இயக்குநர் ஜான் கினார்ட், அந்த நகரிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர். பெரிய அருங்காட்சியகத்தின் பொருட்களைக் கொண்டுவந்து காட்டினால் போதும் என்றுதான் முதலில் எண்ணம். ஆனால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் பேசப் பேச, எலித் தொல்லைதான் அவர்கள் அன்றாடம் படும் பாடு என்று தெரிந்தது. 1969-ல் எலியைப் பற்றியே ஒரு கண்காட்சி வைத்தார்கள், உயிருள்ள எலிகளோடு. எலி எங்கிருந்து வருகிறது, எதைத் தின்கிறது, என்ன நோய் பரப்புகிறது, எப்படி ஒழிப்பது என்பதெல்லாம் அதில் இருந்தது. 'வரலாற்று அருங்காட்சியகத்தில் எலியா?' என்று கேட்டிருந்தால் அந்தத் தெரு மக்கள் உள்ளே கால் வைத்திருக்க மாட்டார்கள்.

நம் ஊர் அளவில் எளிதாகச் செய்யக்கூடியது புகைப்பட நாள். வீட்டிலிருக்கும் பழைய போட்டோக்களைக் கொண்டுவரச் சொல்லி, அங்கேயே ஸ்கேன் செய்து, அசலை அப்போதே கையில் கொடுத்துவிடுவது. 'அப்போதே' என்பதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் தாத்தாவின் ஒரே படம் இருந்தது. ஒரு கண்காட்சிக்கென்று கேட்டு வாங்கிப் போனார்கள். ரசீது இல்லை, திரும்பி வரவும் இல்லை. அப்பத்தா கடைசிவரை அந்த ஆணியைச் சுவரிலிருந்து பிடுங்கவிடவில்லை. ஒரு வீட்டில் இப்படி நடந்துவிட்டால் அந்தத் தெருவில் அப்புறம் யாரும் எதையும் கொடுக்க மாட்டார்கள். படம் யாருடையது, எங்கெல்லாம் பயன்படுத்தலாம், பெயர் போடலாமா என்று கேட்டு எழுதி வாங்கும் ஒரு தாள், அதன் நகல் கொடுத்தவர் கையில். இதில் சோம்பல் கூடவே கூடாது.

பெரியவர்களின் நினைவைப் பதிவு செய்யும் வாய்மொழி வரலாறும் ஊரார் நிகழ்ச்சியில் சேரும். ஞாபகமறதி நோய் உள்ளவர்களுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் பழைய பொருட்களைக் கொண்டு பேச்சுக் கொடுக்கக் கற்றுத்தரும் ஒரு திட்டத்தை இங்கிலாந்தின் லிவர்பூல் அருங்காட்சியகங்கள் 2012 முதல் நடத்திவருகின்றன. நேற்று நடந்தது மறந்தவருக்கும் சின்ன வயதில் உருட்டிய ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் பேச்சு வருகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஊரைக் கூப்பிடுவது என்று சொல்லிவிட்டு ஊர்ப் பெரிய மனிதர்களை மட்டும் கூப்பிட்டால், கிடைப்பது ஒரு தெருவின் வரலாறுதான். களத்தில் நின்று மரக்காலால் கூலி நெல் வாங்கியவரிடம் கேட்டால் வேறு கதை வரும். அளந்தவர் விளிம்பில் எப்படி வழித்தார், எவ்வளவு குறைந்தது என்று அவருக்குத் தெரியும். ஒருவருக்கு அந்த மரக்கால் விளைச்சலின் பெருமை. இன்னொருவருக்கு அது வயிற்றில் விழுந்த அடி. இரண்டும் ஒரே அட்டையில் வர வேண்டும். காலனிக்குப் போய் நேரில் அழைக்க வேண்டும், அவர்களுக்கு வேலை இல்லாத நேரத்தில் நடத்த வேண்டும், போகவர வண்டி வைக்க வேண்டும். வாசலில் பேனர் கட்டுவது அழைப்பு ஆகாது.

போகிறவர்களுக்கும் தொடங்குகிறவர்களுக்கும்

குடும்பத்தோடு போவதாக இருந்தால் எல்லா அறையையும் பார்த்தே தீர வேண்டும் என்ற கணக்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் அதிகம். மூன்று பொருள் முன்னால் நின்று பேசினால் போதும். முடிந்தால் தாத்தா பாட்டியையும் கூட்டிப் போங்கள். உட்கார நாற்காலி இருக்கிறதா, படி ஏற முடியுமா என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். விடுமுறை நாளையும் பாருங்கள். எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மே 18 உலக அருங்காட்சியக நாள், நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம். இந்த நாட்களில் பல இடங்களில் சிறப்பு நிகழ்ச்சிகள் இருக்கும்.

உங்கள் ஊரில் ஒரு சின்ன அருங்காட்சியகமோ, பள்ளியில் ஒரு வரலாற்று அறையோ இருந்து, நீங்களே ஏதாவது தொடங்க நினைத்தால் பெரிய பணம் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தொடுவதற்கென்று வாங்கிவைத்த ஒரு மரக்கால், ஒரு படி, அரை மூட்டை நெல், விரிக்க ஒரு சாக்கு. அளந்து பழகிய இரண்டு பேர், வெவ்வேறு தெருவிலிருந்து. பிள்ளைகள் அளக்கட்டும், அவர்கள் திருத்தட்டும். ஓரமாக ஒருவர் நோட்டோடு உட்கார்ந்து, சொன்னதைச் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும், 'லாபம், ரெண்டு, மூணு' என்பது உட்பட. சொன்னவர் பெயர், வயது, ஊர், தேதி எல்லாம் இருக்கட்டும். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பதிவேட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மரக்காலின் எண்ணைத் தேடி எடுத்து, எதிரே இருக்கும் வெற்று இடத்தில் ஒட்டிவிடுங்கள்.